சோற்றை நிறுத்தினால் பதற்றம் நிற்குமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 41. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். 16 வருடமாக மும்பையில் இருக்கிறேன். செம்பூரில் வீடு, ஃபோர்ட்டில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் கணக்கு வேலை. காலை ஆறரைக்கு ஒரு டிகிரி காபி, டிபன் சாப்பிட நேரம் இருக்காது, ஏழே முக்காலுக்கு ரயில். ராத்திரிச் சாப்பாடு பத்து மணி ஆகிவிடும்.

ஏழெட்டு மாதமாகப் படபடப்பு. ஆபீசில் பதினொரு மணி வாக்கில் கை நடுங்கும், வேர்க்கும். கீழே போய் ஒரு வடாபாவும் கட்டிங் சாயும் சாப்பிட்டால் சரியாகிவிடும். சில நாள் ரயிலில் வடாலா தாண்டியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், செத்துவிடுவேனோ என்று தோன்றும். இரண்டு தடவை சிவ்ரியில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு விரதம் இருப்பேன், மதியம் வெறும் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி, அன்று ரொம்ப மோசம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பூரி கிழங்கு, மதியம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுத் தூங்குவேன், அன்று எதுவும் வராது.

கூட ரயிலில் வருகிற நண்பர் ‘எல்லாம் கார்ப், அதாவது மாவுச்சத்து, செய்கிற வேலை’ என்று வீடியோ அனுப்பினார். அவருக்குச் சரியாகிவிட்டதாம். 19 நாளாக நான் சோறு, சப்பாத்தி, இட்லி எதையும் தொடவில்லை. முட்டை, பனீர், வெள்ளரிக்காய், ஒரு நாளைக்கு நாலைந்து கறுப்புக் காபி. நாலு கிலோ குறைந்திருக்கிறேன். ஆனால் தலைவலி, தூக்கம் போய்விட்டது, பயம் முன்னைவிடக் கூடிவிட்டது. சோறு காரணமா, அதை நிறுத்தியது காரணமா? மனைவி மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாள். அந்த அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

(கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி: “மேடம், ஆடிப்பெருக்கு வருகிறது. சித்ரான்னம் செய்யலாமா, கூடாதா? இவரிடம் கேட்டால் சண்டை வருகிறது.”)

பதில்:

அன்புள்ள செம்பூர் வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எல்லாம் ஒரே படபடப்பாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை பேனாவை எடுத்து, எந்தக் கிழமை, எத்தனை மணி, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். அப்போது ஒன்று இரண்டாகப் பிரிந்தது. ஆபீசில் பதினொரு மணிக்கு வருவது ஒன்று. வடாலா தாண்டி வருவது வேறொன்று.

பதினொரு மணிக்கு வருவதில் நடுக்கம் இருக்கிறது, வேர்வை இருக்கிறது, சாப்பிட்டதும் அடங்குகிறது. சாவு பயம் என்று அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. ரயிலில் வருவதில் மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவோம் என்ற எண்ணம் வருகிறது, வண்டியை விட்டு இறங்கினால்தான் நிற்கிறது. அதில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உங்களை அறியாமல் நீங்களே பிரித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நண்பரின் வீடியோ இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பூரி, கிழங்கு, சோறு. மாவுச்சத்துதான் குற்றவாளி என்றால் வாரத்தில் உங்களுக்கு மிக மோசமான நாள் ஞாயிறாக இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் ஒன்றும் வருவதில்லை. அன்று மாறுவது என்ன? ஒன்பது மணிக்கு வயிறு நிறைகிறது, மதியம் தூங்குகிறீர்கள், ரயில் இல்லை. செவ்வாய்க்கிழமை இதற்கு நேர் எதிர். காலையில் காபி மட்டும், பிறகு மதியம்வரை பட்டினி, அதன் மேல் வெறும் ஜவ்வரிசி. சேலத்து ஆலைகளிலிருந்து வட இந்தியா முழுக்கப் போகிற அந்த ஜவ்வரிசி ஏறக்குறைய சுத்தமான மாவுச்சத்து. புரதம், நார் இரண்டும் அதில் பெயருக்குத்தான். நிலக்கடலைப் பொடி தாராளமாகப் போட்டால் கொஞ்சம் தேவலை. ஆபீஸ் கேன்டீனில் அது எவ்வளவு விழும் என்று நம் இருவருக்கும் தெரியும்.

சரி, பதினொரு மணிக்கு உடம்புக்குள் என்ன நடக்கிறது? இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டவருக்கு அது பதின்மூன்றாவது மணி நேரம். நம் மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கும். கல்லீரல் கையிருப்பில் வைத்திருப்பது ஏறக்குறைய 100 கிராம். இரவு முழுக்க அதிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அது குறையக் குறையப் புரதத்திலிருந்தும் மற்றவற்றிலிருந்தும் புதிதாகச் சமைத்துக் கொடுக்கும். ஆகவே ஆரோக்கியமான மனிதருக்கு ஒரு வேளை டிபன் தவறினால் ரத்தத்தில் சர்க்கரை மடமடவென்று விழுந்துவிடாது. 65, 70 மில்லிகிராம் அளவை நெருங்கும்போதே குளுககான், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சுரந்து கல்லீரலைத் தட்டி எழுப்பிவிடும்.

அந்த அட்ரினலின்தான் தெருநாய் துரத்தும்போதும் சுரப்பது. கை நடுக்கம், வேர்வை, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் அதன் வேலை. பசியால் சுரந்ததா பயத்தால் சுரந்ததா என்று நெஞ்சுக்குத் தெரியாது. நமக்கும் அந்த நேரத்தில் தெரியாது. பதற்றத்துக்கும் சாப்பாட்டுக்கும் நிஜமாகவே ஒரு கதவு இருக்கிறது என்றால் அது இந்த இடம்தான்.

இதன் மேல் நீங்கள் வெறும் வயிற்றில் டிகிரி காபியை ஊற்றுகிறீர்கள். காஃபீன் தன் பங்குக்கு அட்ரினலினைக் கூட்டும். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதில் ஏறக்குறைய பாதி ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆறரைக்குக் குடித்த காபி பதினொரு மணிக்கு இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் காபியைப் பழிக்க எனக்கு மனசு வராது, நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். ஆனால் டிபன் இல்லாத காபிக்கும் டிபனுக்குப் பிறகு வருகிற காபிக்கும் உடம்பில் நிறைய வித்தியாசம் உண்டு.

வடாபாவ் சாப்பிட்டதும் சரியாகிவிடுகிறது, அப்படியானால் சுகர்தானே குறைந்திருக்கிறது என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். வடாபாவுக்காக நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தீர்கள், படி இறங்கினீர்கள், வெளிக்காற்று பட்டது, கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசினீர்கள். எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

இது பழைய குழப்பம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் சோர்வு, பயம், எரிச்சல் என்று எது வந்தாலும் ‘லோ சுகர்’ என்று சொல்லிக்கொள்வது ஒரு மோஸ்தராகவே இருந்தது. அது எல்லை மீறிப் போய், 1973-ல் அங்குள்ள மருத்துவச் சங்கமும் நீரிழிவுச் சங்கமும் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து, இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்த சர்க்கரை காரணம் இல்லை என்று அறிக்கை விட வேண்டி வந்தது. லோ சுகர் என்று உறுதியாகச் சொல்ல மருத்துவர்கள் மூன்று விஷயம் கேட்பார்கள். தொல்லை இருக்க வேண்டும், அதே நேரத்தில் அளந்தால் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், சர்க்கரை ஏறியதும் தொல்லை போக வேண்டும். விப்பிள் என்ற அறுவை மருத்துவர் சொன்ன விதி, இன்றும் அதுதான். உங்களிடம் முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. நடுவில் உள்ளது இல்லை.

அதனால் ஒரு குளுக்கோமீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கி ஆபீஸ் மேசையில் வையுங்கள். நடுக்கம் வரும்போது, வடாபாவுக்கு முன்னால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். விரலில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தால்கூடக் கணக்கு ஏறிவிடும். மூன்று நான்கு முறை பார்த்தால் போதும். 70-க்கு மேலேயே இருந்தால் அது லோ சுகர் இல்லை, பசியும் காபியும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். வீட்டு மீட்டர் முன்னே பின்னே 15 சதவீதம் தவறலாம் என்பதால் 66, 68 என்று காட்டினால் பயப்படவும் வேண்டாம். 55-க்குக் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்தால் பொது மருத்துவரிடம் போய் லேபில் உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் சர்க்கரை உண்மையிலேயே சரிகிறவர்களும் உண்டு. இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்கள், சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்கள் என்று அது சிலருக்கு. எல்லோருக்கும் வருவதில்லை.

அளந்து முடித்ததும் மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பதற்றக்காரர்கள் கையில் அந்தப் பெட்டி தங்கிவிட்டால் அதுவே ஒரு பூஜையாகிவிடும். மணிக்கொரு தடவை விரலைக் குத்திக்கொண்டு ‘92 எப்படி 104 ஆச்சு’ என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் நேர்க் கேள்வி. மாவுச்சத்து பெரியவர்களுக்குப் பதற்றத்தை உண்டாக்குமா? ‘ஆமாம்’ என்று வீடியோவில் சொல்கிற அளவுக்கு ஆதாரம் கிடையாது. இருப்பது என்னவென்றால், மாவுச்சத்தின் வகையைப் பற்றிய சில தடயங்கள். 2015-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு மாதவிடாய் நின்ற சுமார் 70,000 பெண்களைப் பற்றியது. வெள்ளை மாவு, சேர்த்த சர்க்கரை அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், நார், காய், பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குறைவு என்றும் தெரிந்தது. அது மனச்சோர்வைப் பற்றியது, பதற்றத்தைப் பற்றியது இல்லை. இரண்டும் பங்காளிகள், ஒரே ஆள் இல்லை. அதுவும் தவிர, மனசு சரியில்லாதவர்தான் இனிப்பைத் தேடிப் போவார். எது முன்னால் எது பின்னால் என்று இந்த மாதிரி ஆய்வில் முழுசாகப் பிரிக்க முடியாது. பதற்றத்தைப் பற்றி இணையத்தில் அடிக்கடி சுற்றி வருவது 2016-ல் வெளிவந்த ஒரு குறிப்பு. வெள்ளை மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவைச் சாப்பிட்ட ஒரு 15 வயதுப் பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் நாரும் சேர்த்ததும் பதற்றம் குறைந்தது, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் கூடியது. ஒரே ஒரு பெண். யோசிக்க வைக்கும், ஆனால் ஊருக்கெல்லாம் சட்டம் போட அது போதாது. அந்தப் பெண் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தவில்லை என்பதையும் பாருங்கள், கூடச் சேர்த்ததுதான் வேலை செய்தது.

2017-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தது. மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 12 வாரம் உணவு ஆலோசனை, இன்னொரு பிரிவுக்குச் சும்மா பேச்சுத் துணை. உணவு மாற்றியவர்களில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீங்கியது, மற்றவர்களில் 8 சதவீதம். அந்தத் தட்டில் என்ன இருந்தது? காய், பழம், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய், அதோடு முழுத்தானியம் தாராளமாக. மாவுச்சத்தை அங்கே யாரும் வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை.

இதையெல்லாம் சொன்னதால் நான் சோற்று மலைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் தட்டில் மாவுச்சத்து மிஞ்சிக் கிடப்பது உண்மை. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) துணையோடு நடந்த பெரிய ஆய்வு சொன்னது. மும்பைத் தமிழர் டப்பாவைத் திறந்தால் கதை இன்னும் வேடிக்கை. மேலே இரண்டு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, கீழே சாம்பார் சாதம். மராட்டி வீட்டு வழக்கத்தையும் தஞ்சாவூர் வழக்கத்தையும் நாம் மாற்றிக்கொள்ளவில்லை, கூட்டிக்கொண்டோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரித் தட்டுக்கு நாள் முழுவதற்கும் 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு, 400 கிராம் காய் என்கிறது. தானியம் என்றால் அரிசி, கோதுமை, கம்பு எல்லாம் சேர்த்து, சமைக்காத எடையில். நம் வீடுகளில் அந்தப் பருப்புக் கணக்கு பாதிகூட வருவதில்லை.

மறுபக்கம், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 130 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. முட்டையும் பனீரும் வெள்ளரிக்காயும் சேர்ந்தால் முப்பது கிராம் தேறினாலே அதிகம். அதாவது நீங்கள் ஒரே நாளில், மாவுச்சத்தை ஏறக்குறைய அடியோடு ஒதுக்குகிற கீட்டோ உணவுக்குள் குதித்திருக்கிறீர்கள், யார் துணையும் இல்லாமல்.

குதித்தால் என்ன ஆகும் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உடம்பில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது தண்ணீரும் உப்பும் சிறுநீரில் போய்விடும். உங்கள் நாலு கிலோவில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர்தான். தலைவலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் முதல் வாரங்களில் வரக்கூடியவை. ஏற்கெனவே நெஞ்சுத் துடிப்புக்குப் பயப்படுகிற மனிதருக்கு இன்னொரு நெஞ்சுத் துடிப்பைக் கொண்டுவந்து கொடுத்தால் பயம் கூடாமல் என்ன செய்யும்? ஒரு காபி இருந்த இடத்தில் நாலைந்து காபி வேறு. தூக்கம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதே இல்லை.

மொத்தச் சாப்பாடும் குறைந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். எரிச்சல், சோர்வு, பதற்றம், இருபத்து நாலு மணி நேரமும் சாப்பாட்டு நினைப்பு என்று ஆளே மாறிப் போனார்கள். அவர்கள் தட்டில் உருளைக்கிழங்கும் ரொட்டியும் நிறையவே இருந்தன. குறைந்தது மொத்த அளவு. ஆகவே உங்களுக்கு வந்ததை ‘சோறு இல்லாததால்’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது, போதிய சாப்பாடு இல்லாததாலும்தான்.

உங்கள் நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குச் சரியாகியிருக்கலாம். கார்பை விட்டபோது அவர் சர்க்கரை போட்ட ஆறு சாயையும், ராத்திரி பீரையும் சேர்த்து விட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குக் கீட்டோ உணவு உதவுமா என்று சில பல்கலைக்கழகங்களில் சிறு அளவில் சோதிக்கிறார்கள், அது மருத்துவக் கண்காணிப்பில், மருந்தோடு சேர்த்து. அங்கே ஆரம்பித்த பேச்சு செல்போனில் கைமாறிக் கைமாறி ஹார்பர் லைன் ரயிலில் உங்களிடம் வந்து சேரும்போது ‘சோறுதான் வில்லன்’ என்று ஆகிவிட்டது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் இப்படித் திடீரென்று சோற்றை நிறுத்தினால் உண்மையான லோ சுகர் வரும், அது ஆபத்து. டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரையோடு கீட்டோ சேர்ந்தால் ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. டாக்டரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

சோறு சாப்பிட்டால் மனசு அமைதியாகும், தூக்கம் வரும் என்று எதிர்ப்பக்கத்திலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கும் ஒரு கதை உண்டு. 1971-ல் எலிகளுக்கு வெறும் மாவுச்சத்தைக் கொடுத்தபோது மூளையில் செரட்டோனின் கூடியது என்று ஃபெர்ன்ஸ்ட்ரோம், வர்ட்மன் என்ற இருவர் காட்டினார்கள். கூடக் கொஞ்சம் புரதம் சேர்ந்தாலே அந்த விளைவு மங்கிவிடும். நாம் பருப்பும் தயிரும் இல்லாமல் சோறு சாப்பிடுவதில்லை. அதனால் சோற்றை மருந்தாகவும் நினைக்க வேண்டாம்.

இனி என்ன செய்வது? நாளைக் காலையிலிருந்து காபிக்கு முன்னால் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும் போதும், ஐந்து நிமிட வேலை. அதுவும் முடியாத நாளில் ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி வறுத்த கடலையும். காபி அதற்குப் பிறகு, ஒரே ஒரு டம்ளர். இப்போது குடிக்கிற நாலைந்தை ஒரே நாளில் வெட்டாதீர்கள், அதற்கும் தலைவலி வரும். இரண்டு நாளைக்கு ஒன்று என்று குறையுங்கள், மதியம் மூன்று மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம். பத்தரை மணிக்கு, நடுக்கம் வருவதற்கு முன்னாலேயே, வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டலைச் சாப்பிடுங்கள். மும்பையில் முளைகட்டிய பயறு தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, நம்மவர்கள் ஏனோ அதை எட்டிப் பார்ப்பதில்லை. வடாபாவை நான் தடை செய்யவில்லை. வாரத்தில் ஒரு நாள், பசியில்லாத நேரத்தில், ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

மதிய டப்பாவில் சப்பாத்தி அல்லது சோறு, இரண்டில் ஒன்று. சோறு என்றால் புழுங்கலரிசி, ஒன்றரைக் கப் அளவு. முதலில் கூட்டையும் பருப்பையும் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்குப் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். அப்புறம் பத்து நிமிடம் நடை, ஃபோர்ட்டில் நடக்க இடத்துக்கா பஞ்சம்? ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பதுக்குள் கொண்டுவர முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். செவ்வாய் விரதத்தைச் சில மாதம் தள்ளி வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, ஆபீஸ் நண்பர்கள் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இதைச் செய்தால் பதினொரு மணி நடுக்கம் இரண்டு மூன்று வாரத்தில் பெரிய அளவுக்குக் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். ரயிலில் வருவதைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதற்குச் சாப்பாட்டில் மருந்து இல்லை.

வண்டியில் நெஞ்சு அடிப்பதும், மூச்சு முட்டுவதும், சாவோம் என்று தோன்றுவதும், இறங்கிவிட்டால் நிற்பதும் பேனிக் அட்டாக் என்கிற திடீர்ப் பீதியின் கோலம். சிவ்ரியில் இறங்கியதுதான் எனக்குக் கவலை தருகிறது. இன்று சிவ்ரி, நாளை வடாலா, அடுத்த மாதம் ‘ரயிலே வேண்டாம், பஸ்ஸில் போகலாம்’ என்று அது வளரும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ‘இறங்கினதால்தான் பிழைத்தேன்’ என்று மனசு எழுதி வைத்துக்கொள்கிறது. சோற்றைத் தொடாத 19 நாளும் அதே வகைதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா? பயத்துக்கு ரயில் போதாமல் தட்டிலும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

ஆனால் மனசு என்று முடிவு கட்டுவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். இருபது வருடத்துக்கு முன், நான் மாட்டுங்காவில் ஆலோசனை சொல்லத் தொடங்கிய புதிதில், படபடப்பு என்று வந்த ஓர் அம்மாவிடம் சோற்றைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று வேறொருவர் கண்டுபிடித்தார். அந்த மூன்று மாதமும் அந்த அம்மா பசியோடும் படபடப்போடும் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து படபடப்பு என்று யார் வந்தாலும் சாப்பாட்டுப் பேச்சுக்கு முன்னால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ஒரு ஈ.சி.ஜி. எல்லாம் பார்க்கச் சொல்கிறேன். நீங்களும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். மூன்று மாதச் சராசரி 5.7 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மதிய டப்பாவைப் பற்றி இன்னொரு முறை பேசுவோம். நெஞ்சில் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மயக்கம் என்று எது வந்தாலும் இந்தக் கடிதத்தை நினைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால் உங்கள் மனைவி சொன்ன இடத்துக்குத்தான் போக வேண்டும். ‘அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை’ என்கிறீர்கள். ரயிலிலிருந்து பாதி வழியில் இறங்கி, ஆபீசுக்கு லேட்டாகி, ஏழெட்டு மாதம் இதோடு குடித்தனம் செய்திருக்கிறீர்கள். அந்த அளவு வந்துவிட்டது. பேனிக் அட்டாக்குக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயப்படுகிற இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பப் பழக்குகிற பேச்சு சிகிச்சை ஒன்று, தேவைப்பட்டால் மாத்திரை இன்னொன்று. மாத்திரை வேலை காட்டச் சில வாரம் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு கொண்டிருக்கும்போது வீடியோ பார்ப்பதைவிட அது நல்லது.

உங்கள் மனைவிக்கு: தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை மூன்றும் செய்யலாம். தேங்காய் சாதத்தில் கடலைப்பருப்பும் முந்திரியும் கொஞ்சம் கூடுதலாக விழட்டும், புளியோதரையில் நிலக்கடலை இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கிண்ணம் அவியலோ சுண்டலோ வையுங்கள். தயிர்சாதம் கடைசியில். காவிரி இல்லாவிட்டால் என்ன, செம்பூரில் ஆடி மாதம் மழைக்குக் குறைவில்லை. அவரைக் காலையில் டிபன் சாப்பிட வைத்துவிட்டு அப்புறம் படையலுக்கு உட்காருங்கள், மதியம்வரை காய வைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் இருவரும் சேர்ந்தே எழுதுங்கள்.